பசுமை மால் கட்டப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய கட்டடங்களுக்கு ஏசி, தண்ணீர், மின்சார ஏற்பாடுகளை வடிவமைப்பது என் தொழில். சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத மால் கட்ட வேண்டும் என்று வருகிறவர்கள், கட்டுபவரானாலும் கட்டடக் கலை மாணவரானாலும், சொல்லிவைத்தாற்போல ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிச் சலித்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

பசுமை மால் என்றால் என்ன? உள்ளே செடி கொடி நிறைய வைப்பதா?

செடி வைப்பதில் தப்பில்லை. கண்ணுக்குக் குளிர்ச்சி, வருகிறவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் வெயில் படாத உள்சுவரில் செங்குத்துத் தோட்டம் வைத்து, அதற்கு நாள் முழுக்க விளக்கு எரித்து, பம்பு ஓட்டி, மாதம் ஒருமுறை வாடிய செடிகளை மாற்றிக்கொண்டிருக்கும் இடங்களையும் பார்த்திருக்கிறேன். பச்சையாக இருக்கிறதே தவிர, அதுவும் ஒரு மின்சாரச் செலவுதான்.

நான் பார்ப்பது வேறு. கட்டும்போது எவ்வளவு சிமென்டும் கம்பியும் போகின்றன, ஓடும்போது எவ்வளவு மின்சாரமும் தண்ணீரும் இழுக்கிறது, எவ்வளவு குப்பை வெளியே போகிறது, வருகிறவர்கள் எதில் வருகிறார்கள், நாளைக்கு மால் ஓடவில்லை என்றால் அந்தக் கட்டடத்தை வேறு எதற்காவது பயன்படுத்த முடியுமா. இந்த ஐந்துக்கும் நல்ல பதில் இருந்தால் உள்ளே ஒரு தொட்டிகூட இல்லாமல் போனாலும் அது பசுமைக் கட்டடம்தான்.

புதிதாக மால் கட்டிவிட்டு அதைப் பசுமை என்பதே வேடிக்கையாக இல்லையா?

நியாயமான கேள்வி. சிமென்ட், இரும்பு, கண்ணாடி, அலுமினியம் எல்லாம் சூளையிலும் உலையிலும் வெந்துதான் வருகின்றன. முதல் கடை திறக்கும் முன்பே அந்தப் புகை காற்றில் கலந்தாயிற்று. அதனால் நான் முதலில் கேட்பது, நகரத்துக்குள் சும்மா கிடக்கும் பழைய ஆலை, கிடங்கு, ஓடாமல் படுத்துவிட்ட மால் ஏதாவது கிடைக்குமா என்பதுதான். அஸ்திவாரம், தூண், தளம் மூன்றும் உறுதியாக இருந்தால், கட்டுமானத்தில் புகைக்குப் பெரிய காரணமான பகுதியை அப்படியே மிச்சம் பிடித்துவிடலாம். மேற்பூச்சும் கண்ணாடியும் மாற்றிக்கொள்ளக்கூடியவை.

பழைய கட்டடம் அமையவில்லை என்றால் புதிதாகக் கட்டலாம், ஆனால் ஆட்கள் நடந்தும் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து போகிற இடத்தில். ஊருக்கு வெளியே விளைநிலத்தை வாங்கிக் கட்டிவிட்டு, எல்லாரையும் காரில் வரவைத்துவிட்டு, உள்ளே எல்இடி விளக்கு போட்டிருக்கிறோம் என்று சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன், நம்பமாட்டேன்.

ஒரு மாலில் கரண்ட் எங்கேதான் போகிறது?

வெப்பமான ஊர்களில் பெரும் பங்கு ஏசிக்கு, அடுத்தது விளக்குக்கு. அப்புறம் உணவுக்கூடத்து அடுப்புகளும் குளிர்பெட்டிகளும், பம்புகள், எஸ்கலேட்டர், லிஃப்ட். எல்லாருக்கும் கண்ணில் படுவது எஸ்கலேட்டர் என்பதால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஆள் ஏறாதபோது மெதுவாக ஓடும் வகையைப் போட்டால் அந்த விஷயம் முடிந்தது.

ஏசியும் விளக்கும் தனித்தனி இல்லை என்பதுதான் முக்கியம். விளக்குக்குப் போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகி அறைக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்வோம். 50 வாட் ஹாலஜன் விளக்கு 60 தொங்குகிறது. மொத்தம் 3,000 வாட். அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏசி இன்னும் 750 வாட்டாவது இழுக்கும், அதுவும் ஒரு பங்கு மின்சாரத்துக்கு நான்கு பங்கு சூட்டைத் தள்ளும் நல்ல ஏசியாக இருந்தால். அதே வெளிச்சத்தை 7 வாட் எல்இடியில் கொடுத்தால் விளக்குக்கு 420 வாட், ஏசிக்கு 105 வாட். ஒரு கடையிலேயே இவ்வளவு என்றால் 150 கடைக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வரைபடம் எல்லாம் தயார். இனிமேல் பசுமை ஆலோசகரை வைத்துக்கொண்டால் போதும்தானே?

போதாது. மாடி எத்தனை, நீளப் பக்கம் எந்தத் திசையில், கண்ணாடி எங்கே, கடைகள் எவ்வளவு ஆழம், பார்க்கிங் எவ்வளவு, எல்லாம் முதல் சில வாரங்களிலேயே முடிவாகிவிடும். பாதிக்கு மேல் தலையெழுத்து அங்கேயே எழுதியாகிவிட்டது. அதன் பிறகு வருகிறவர், மேற்கு முழுக்கக் கண்ணாடி வைத்த கட்டடத்துக்கு எந்தக் கண்ணாடி கொஞ்சம் தேவலாம் என்றுதான் சொல்ல முடியும்.

மேற்குப் பக்கத்தை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், மாலையில் சூரியன் தாழ்வாக நேரே முகத்தில் அடிக்கும். மேலே நீட்டியிருக்கும் சன்ஷேடு அதைத் தடுக்காது. மாலுக்குக் கூட்டம் வரும் நேரமும் அதுவேதான். ஆகவே அந்தப் பக்கத்தில் படிக்கட்டு, லிஃப்ட், கழிவறை, சரக்கு இறக்கும் இடம் எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள். ஜன்னல் தேவைப்படாத அறைகள் வெயிலுக்குத் திரை மாதிரி நிற்கும். இதற்குத் தனியாகச் செலவு எதுவும் கிடையாது, சரியான நாளில் பென்சிலை நகர்த்தினால் போதும்.

நடுவில் பெரிய கண்ணாடிக் கூரை போட்டால் பகல் வெளிச்சம் இலவசம்தானே?

வெளிச்சம் இலவசம், கூடவே வரும் வெயில் இலவசம் இல்லை. தலைக்கு நேர் மேலே இருக்கும் கண்ணாடி, நடுப்பகல் வெயிலை அப்படியே உள்ளே இறக்கும். பிறகு அதே நடுமுற்றத்தைக் குளிர வைக்க ஏசி திணறும். மேல்மாடிக் கடைக்காரர்கள் புழுக்கத்தில் புலம்புவார்கள், கீழே இருப்பவர்கள் குளிர்கிறது என்பார்கள்.

கூரைப் பரப்பில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு திறப்பு இருந்தால், ஒளியைச் சிதறவிடும் கண்ணாடியோடு, பொது நடைபாதைகளுக்குப் பகலில் பெரும்பாலும் போதும். இன்னும் நல்லது, பழைய ஆலைகளில் பார்த்திருப்பீர்களே, ரம்பப் பல் போன்ற கூரை. செங்குத்தான கண்ணாடி வெயில் நேராக விழாத திசையைப் பார்க்கும். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கும் ஊர்களில் அது வடக்கு, தெற்கே இருப்பவற்றில் தெற்கு. சாய்ந்த பக்கம் சோலார் பேனலுக்கு. மெல்போர்னில் 2019இல் திறந்த பர்வுட் பிரிக்வொர்க்ஸ் மாலில் இப்படித்தான் ரம்பக் கூரை வைத்திருக்கிறார்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். வெளிச்சம் போதுமானபோது விளக்கைத் தானாக அணைக்கும் சென்சார் இல்லாவிட்டால், கண்ணாடிக் கூரையால் மிச்சமாவது பூஜ்யம். பட்டப்பகலில் வெயிலுக்கு நடுவே எல்லா விளக்கும் எரிகிற நடுமுற்றங்கள் எத்தனையோ.

ஏசியே இல்லாமல் மால் கட்ட முடியாதா?

நாலு பக்கமும் மூடிய, உள்ளே செயற்கையாகக் குளிர்வித்த மால் என்ற எண்ணம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பிறந்தது. விக்டர் குரூயன் வடிவமைத்த சவுத்டேல், 1956இல் திறந்தது. அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும், கோடையில் வேகும். மூடிய பெட்டி அந்த ஊருக்குப் பொருந்திய விடை. அந்தப் பெட்டியைத்தான் உலகம் முழுக்க எந்தத் தட்பவெப்பம் என்று பார்க்காமல் நகலெடுத்தார்கள். அதற்கும் முன்பு, 19ஆம் நூற்றாண்டில் கட்டிய மிலான் நகரத்து கலேரியா விட்டோரியோ இமானுவேலே இன்றும் கடைவீதியாக ஓடுகிறது. மேலே இரும்பும் கண்ணாடியும், எல்லா முனையும் திறந்த தெரு. காற்று அதன்போக்கில் வந்து போகிறது.

இன்னொரு பேர்போன உதாரணம் ஜிம்பாப்வேயின் ஹராரே நகரத்து ஈஸ்ட்கேட் சென்டர். கடைகளும் அலுவலகங்களும் சேர்ந்த கட்டடம், 1996இல் முடிந்தது. வடிவமைத்தவர் மிக் பியர்ஸ். இரவுக் குளிர்காற்றை மின்விசிறிகளால் கான்கிரீட் தளங்களின் இடுக்குகள் வழியாக ஓட்டுகிறார்கள். கான்கிரீட் இரவில் குளிர்ந்து, பகலில் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சூடான காற்று மேலே உள்ள புகைபோக்கிகள் வழியாகப் போய்விடும். கறையான் புற்றைப் பார்த்துச் செய்தது என்று எல்லாரும் சொல்வார்கள். புற்றுக்குள் காற்று ஓடும் விதம் அப்படியில்லை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். இருந்தாலும் கட்டடம் வேலை செய்கிறது.

அதை அப்படியே காப்பி அடிக்கலாமா என்றால், ஹராரே ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவு நன்றாகக் குளிரும், காற்றில் ஈரம் குறைவு. இரவிலும் வியர்க்கும் கடலோர நகரத்தில் அந்த வித்தை பலிக்காது. அங்கே நான் சொல்வது நடுவழி. கடைகளுக்குள் மட்டும் ஏசி. நடைபாதையும் முற்றமும் நிழலோடு திறந்தவெளியாக, மேலே பெரிய மெதுவான மின்விசிறிகளோடு. குளிர்விக்க வேண்டிய பரப்பில் பெரிய துண்டு கழிந்துவிடும்.

சரி, ஏசி வேண்டும் என்றாகிவிட்டது. எதை வாங்குவது?

எதை என்பதைவிட எவ்வளவு என்பது முக்கியம். பயத்தில் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் கூட்டுவார்கள். கட்டடக் கலைஞர் ஒரு பங்கு, பொறியாளர் ஒரு பங்கு, விற்பவர் ஒரு பங்கு. கடைசியில் தேவையைப்போல ஒன்றரை மடங்கு இயந்திரம் வந்து இறங்கும். முழு வேகத்தில் ஆண்டுக்குச் சில மணி நேரம் மட்டுமே ஓடப்போகிற இயந்திரத்துக்கு, பாதிச் சுமையில் எப்படி ஓடுகிறது என்பதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பெரியது ஒன்றுக்குப் பதில் அளவு மாறிய இரண்டு மூன்று சில்லர்கள் (தண்ணீரைக் குளிர்வித்துக் கட்டடம் முழுக்க அனுப்பும் பெரிய ஏசி இயந்திரங்கள்), அவற்றோடு வேகம் மாறும் மின்விசிறிகளும் பம்புகளும். மின்விசிறிக்குத் தேவையான சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்காக மாறும். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இது எனக்கு மந்திரம் மாதிரிதான் இருக்கிறது.

வெளிக்காற்றை எவ்வளவு உள்ளே எடுப்பது என்பதும் உண்டு. வார நாள் காலையில் காலியாக இருக்கும் மாலுக்குத் திருவிழாக் கூட்டத்துக்கான வெளிக்காற்றை இழுத்துக் குளிர்விப்பது வீண். வெளிக்காற்றில் கார்பன் டைஆக்சைடு பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கும். உள்ளே அது ஏறுவதை அளக்கும் சென்சார் வைத்தால் கூட்டத்துக்கு ஏற்பக் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம்.

அப்புறம் குளிரூட்டும் வாயு. ஆர்-410ஏ கசிந்தால் அதே எடை கார்பன் டைஆக்சைடைப்போல 2,088 மடங்கு பூமியைச் சூடாக்கும். 50 கிலோ கசிந்தால் 100 டன்னுக்கு மேல் கார்பன் டைஆக்சைடை விட்டதற்குச் சமம். ஆர்-32க்கு அது 675. பல்பொருள் அங்காடியின் குளிர்பெட்டிகளுக்குப் பழைய ஆர்-404ஏ வாயுவை யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது 3,922. கார்பன் டைஆக்சைடையே குளிரூட்டும் வாயுவாகக் கொண்டு ஓடும் இயந்திரங்கள் வந்துவிட்டன. 2016இல் போட்ட கிகாலி ஒப்பந்தப்படி இந்த வகை வாயுக்களை உலக நாடுகள் படிப்படியாகக் குறைக்கின்றன. இன்று மலிவு என்று வாங்கினால் பத்து வருடம் கழித்து நிரப்பிக்கொள்ள வாயு கிடைப்பது பெரும்பாடாகிவிடும்.

கதவு திறந்தே இருந்தால்தான் ஆள் வருவார்கள் என்கிறார் கடைக்காரர். என்ன செய்வது?

ஒரு சின்னச் சோதனை செய்துகாட்டுங்கள். மெல்லிய காகித நாடா ஒன்றைத் திறந்த வாசலில் கால் உயரத்தில் பிடியுங்கள். வெளியே சூடு, உள்ளே ஏசி என்றால் நாடா வெளிப்பக்கம் சாயும். குளிர்ந்த காற்று கனமானது, தரையோடு வழிந்து தெருவுக்குப் போகிறது. போன காற்றுக்கு ஈடாக மேல்மாடியில் கூரை இடுக்கு, பார்க்கிங் கதவு எங்கிருந்தாவது சூடான காற்று உள்ளே வரும். மாடி உயர உயர இந்த இழுப்பு கூடும்.

இரண்டு கதவு வைத்து நடுவே நாலைந்து அடி இடைவெளி, அல்லது சுழல் கதவு. வாசலுக்கு மேலிருந்து காற்றைத் திரைபோல வீசும் ஏர் கர்ட்டன் ஓரளவு உதவும், சரியாக அமைத்தால். பார்க்கிங்கிலிருந்து வரும் லிஃப்ட் முன்பும் கதவு வேண்டும். அதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

கூரை முழுக்க சோலார் போட்டால் கரண்ட் பில்லே வராதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு மாடி, மாடிக்கு 10,000 சதுர மீட்டர். கூரையும் 10,000தான். அதில் கூலிங் டவர் (தண்ணீரை ஆவியாக்கி ஏசியின் சூட்டை வெளியேற்றும் கோபுரம்), புகைபோக்கிகள், கண்ணாடித் திறப்பு, ஆள் நடக்க வழி போகப் பாதி கிடைத்தால் பெரிய விஷயம். ஒரு கிலோவாட்டுக்கு இடைவெளியோடு சேர்த்து 9 சதுர மீட்டர் என்றால் சுமார் 550 கிலோவாட். நல்ல வெயில் ஊரில் கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் வைத்தால் 2,200 யூனிட். மாலின் செலவு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 200 யூனிட் என்று வைத்துக்கொண்டால், 40,000 சதுர மீட்டருக்கு நாளுக்கு ஏறக்குறைய 22,000 யூனிட். ஆக, சோலார் தருவது பத்தில் ஒரு பங்கு.

போட வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் போடுங்கள். ஆனால் செலவை முதலில் பாதியாக்குங்கள். அதே பேனல் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஒரே மாடி மாலுக்குக் கதை வேறு, அங்கே கூரை தாராளம். மீதி மின்சாரத்தை வெளியிலிருக்கும் காற்றாலை, சூரியப் பண்ணைகளிடமிருந்து நீண்ட கால ஒப்பந்தத்தில் வாங்கலாம்.

கூரையில் தோட்டம் போடலாமா, சோலார் போடலாமா?

இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். பேனல் சூடாகச் சூடாக உற்பத்தி குறையும், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம். கீழே செடி இருந்தால் கொஞ்சம் சூடு தணியும். பர்வுட் பிரிக்வொர்க்ஸில் கூரையிலேயே சுமார் 2,000 சதுர மீட்டருக்கு விவசாயம் செய்ய இடம் ஒதுக்கினார்கள்.

எடையைப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் ஆழ இலகு மண்கலவை நனைந்தால் சதுர மீட்டருக்கு 100 முதல் 150 கிலோ. புதர், சிறு மரம் என்று ஆழம் கூடினால் எடை பல மடங்காகும், அதைத் தாங்கத் தூணும் தளமும் பருக்கும், சிமென்ட் கூடும். தினமும் தண்ணீர் ஊற்றிக் கவனிக்க ஆள் இல்லை என்றால் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சே போதும். என் தனிப்பட்ட அபிப்பிராயம், பராமரிக்கப்படாத தோட்டத்தைவிடச் சுத்தமான வெள்ளைக் கூரை மேல்.

சிமென்டைக் குறைக்க வழி உண்டா? கட்டடம் பலமாக இருக்க வேண்டாமா?

உலகம் வெளியிடும் கார்பன் டைஆக்சைடில் 7 முதல் 8 சதவீதம் சிமென்டால் வருவது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதே இல்லை. சுண்ணாம்புக்கல் சூளையில் உடையும்போது கல்லிலிருந்தே வாயு வெளியேறுகிறது. எனவே சூளையை சோலாரில் எரித்தாலும் தீராது. சூளையில் வெந்து வரும் அந்தக் கட்டியை, அதாவது கிளிங்கரை, அரைத்தால்தான் சிமென்ட்; அதன் அளவைத்தான் குறைக்க வேண்டும். அனல் மின்நிலையச் சாம்பல், இரும்பாலைக் கசடு ஆகியவற்றைக் கலந்து அரைத்த சிமென்ட் பல இடங்களில் கிடைக்கிறது. கசடு பாதி அளவுவரைகூடப் போகலாம். இந்தக் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். அதனால் அஸ்திவாரம், தடுப்புச் சுவர் போன்ற அவசரமில்லாத இடங்களுக்கு வலிமையை 28ஆம் நாளில் சோதிக்காமல் 56ஆம் நாளில் சோதிக்க ஒப்புக்கொள்ளும்படி கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள். அந்த ஒரு வரி பல டன் சிமென்டை மிச்சம் பிடிக்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. மாலில் தூண்களுக்கு இடையே ஏன் அடிக்கடி 8.4 மீட்டர் இருக்கிறது தெரியுமா? கீழே பேஸ்மென்டில் இரண்டு தூணுக்கு நடுவில் மூன்று கார் நிற்க வேண்டும், அதற்காக. மேலே ஐந்து மாடிக்குப் போகும் கம்பியும் கான்கிரீட்டும் கீழே நிற்கும் காரின் அகலத்தால் முடிவாகின்றன.

அப்படியானால் பார்க்கிங்கையே குறைத்துவிடலாமா?

குறைக்கலாம், குறைக்க வேண்டும். வழித்தடத்தோடு சேர்த்து ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் போகிறது. ஆயிரம் கார் என்றால் மேலே சொன்ன நாலு மாடி மாலில் கிட்டத்தட்ட மூன்று மாடி. அதுவும் மண்ணைத் தோண்டி, நிலத்தடி நீரை இறைத்து, தடுப்புச் சுவர் எழுப்பிக் கட்டுவது. கான்கிரீட் அதிகம் விழுங்குவது அதுதான். உள்ளூர் விதி குறைந்தபட்ச எண்ணிக்கை கேட்கும், அதற்கு மேல் ஒரு காரும் வேண்டாம்.

பக்கத்து அலுவலகக் கட்டடத்தின் பார்க்கிங் மாலையிலும் விடுமுறை நாளிலும் காலியாகக் கிடக்கும், உங்கள் மாலுக்குக் கூட்டம் வருவதும் அப்போதுதான். பேசிப் பாருங்கள். கட்டியே ஆக வேண்டும் என்றால் சரிவான தளமாக இல்லாமல் மட்டமான தளமாக, உயரம் கொஞ்சம் தாராளமாகக் கட்டுங்கள். நாளைக்குக் கார் குறைந்தால் கிடங்காகவோ உடற்பயிற்சிக் கூடமாகவோ மாற்றலாம். காற்றோட்ட விசிறிகளை கார்பன் மோனாக்சைடு சென்சாரோடு இணைத்துவிடுங்கள், இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டியதில்லை.

கழிவறையில் எல்லாம் சிக்கனக் குழாய் போட்டுவிட்டோம். தண்ணீர்ச் செலவு ஏன் இறங்கவில்லை?

மொட்டை மாடிக்குப் போய் கூலிங் டவரைப் பாருங்கள். தண்ணீரால் குளிரும் சில்லர் என்றால், ஒரு டன் ஏசி (இங்கே டன் என்பது எடை இல்லை, குளிர்விக்கும் திறனின் அளவு) ஒரு மணி நேரம் ஓட சுமார் 6 லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. சராசரி 1,000 டன், நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 72,000 லிட்டர். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும். அது மிஞ்சிப்போனால் குழாயில் படியும் என்பதால் அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றுவார்கள். உப்பு நாலு மடங்கு சேர்ந்ததும் வெளியேற்றினால் 24,000 லிட்டர், ஆறு மடங்குவரை பொறுத்தால் 14,400. நல்ல நீர்ச் சுத்திகரிப்பு இருந்தால் பொறுக்கலாம். இதே நேரத்தில் ஒரு தடவைக்கு 6 லிட்டர் வீதம் 10,000 பேர் கழிவறை போனால்தான் 60,000 லிட்டர் ஆகும்.

எனவே டவருக்கு நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கழிவுநீரைச் சுத்திகரித்து டவருக்கும் கழிவறைக்கும் செடிக்கும் கொடுக்கத் தனிக் குழாய் தொடக்கத்திலேயே போட்டுவிட வேண்டும். பின்னால் சுவரை உடைத்துப் போடுவது நடக்காத காரியம். உணவுக்கூடத்துக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் முன் எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் தொட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும், இல்லையென்றால் நுண்ணுயிரிகள் செத்து முழு நிலையமும் நாறிவிடும். முந்தைய கேள்விகளில் சொன்னபடி ஏசி சுமையைக் குறைத்தால் இந்தத் தண்ணீரும் தானாகக் குறையும்.

மழைநீர்த் தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும்?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 10,000 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 2 லட்சம் லிட்டர், சிதறல் போக 1.7 லட்சம் பிடிக்கலாம். மேலே பார்த்தபடி அது டவருக்கு இரண்டு நாள் தாங்காது. ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்யும் ஊரில் தொட்டி பயன்படும். மூன்று மாதம் மட்டும் கொட்டும் ஊரில் பெரிய தொட்டி மீதி ஒன்பது மாதம் வெறுமனே கிடக்கும். அங்கே சிறு தொட்டியும் நிலத்துக்குள் நீர் இறங்கும் ஏற்பாடும் போதும்.

குப்பையைப் பற்றித் திறந்த பிறகு யோசிக்கலாமா?

கூடாது. குப்பை அறைக்கு இடம் ஒதுக்காத மாலில், சரக்கு லிஃப்ட் பக்கத்து வராந்தாதான் குப்பை அறை. வேளாவேளைக்கு அட்டைப்பெட்டி மலையாகக் குவியும். அட்டையை அழுத்திக் கட்டும் இயந்திரம், ஈரக் குப்பைக்குக் குளிரூட்டிய தனி அறை, தரை கழுவ வடிகால், லாரி திரும்ப இடம், இத்தனையும் வரைபடத்திலேயே வேண்டும். உணவுக்கூடத்தில் வாடிக்கையாளரை நம்பி மூன்று நிறத் தொட்டி வைப்பதைவிட, தட்டை வாங்கிப் பிரித்துப் போட ஆள் வைப்பது பத்து மடங்கு பலன் தரும். திரும்பக் கழுவும் தட்டும் டம்ளரும் வைத்தால் இன்னும் நல்லது, அதற்குக் கழுவும் அறை வேண்டும், அதையும் இப்போதே வரையுங்கள்.

நாம் எல்லாம் சரியாகக் கட்டினாலும் கடைக்காரர் இஷ்டத்துக்கு விளக்கு மாட்டினால்?

மாட்டத்தான் செய்வார். மாலின் மின்சாரத்தில் பெரும் பங்கு கடைகளுக்குள்தான் போகிறது, அது உங்கள் கையில் இல்லை. பில் கடைக்காரர் கட்டுகிறார் என்றால் உங்களுக்குக் கவலை இல்லை, சதுர அடிக்கு இவ்வளவு என்று பொதுவாகப் பிரித்தால் அவருக்குக் கவலை இல்லை. இரண்டு பக்கமும் யாருக்கும் அக்கறை வராத ஏற்பாடு இது.

மருந்து மூன்று. ஒவ்வொரு கடைக்கும் மின்சாரம், குளிர்நீர் இரண்டுக்கும் தனி மீட்டர். வாடகை ஒப்பந்தத்திலேயே சதுர மீட்டருக்கு இத்தனை வாட் விளக்குக்கு மேல் கூடாது என்ற வரம்பு. கடை அலங்கார வரைபடத்தை நீங்கள் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் சாவி. ஒரு கடை சில வருடத்துக்கு ஒருமுறை உள்ளலங்காரத்தை முழுக்கப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டும், கட்டடத்தின் ஆயுளில் அந்தக் குப்பையே ஒரு மலை. கழற்றி மாட்டக்கூடிய சட்டங்கள், மறுபடி பயன்படும் பலகைகள் என்று அந்த ஒப்பந்தத்தில் சேர்த்துவிடலாம்.

லீட் பிளாட்டினம் வாங்கிவிட்டால் பசுமை மால் ஆகிவிடுமா?

லீட் என்பது பசுமைக் கட்டடங்களுக்கு மதிப்பெண் போட்டுச் சான்று தரும் ஒரு முறை. அதில் மொத்தம் 110 புள்ளி; 40 எடுத்தால் சான்றிதழ், 50க்கு வெள்ளி, 60க்குத் தங்கம், 80க்குப் பிளாட்டினம். இதேபோன்ற பிரிட்டனின் பிரீயம் முறை 1990இலிருந்து இருக்கிறது. எட்ஜ் என்பது எளிமையானது, மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருள் மூன்றிலும் 20 சதவீதம் மிச்சம் காட்டச் சொல்லும். இவை ஒழுங்காக வேலை செய்ய ஒரு பட்டியல் தரும், பலருக்கு அதுவே பெரிய உதவி. ஆனால் புதுக் கட்டடத்துக்கு இவை பெரும்பாலும் கணிப்பை வைத்துத்தான் மதிப்பெண் போடுகின்றன.

ஓட்டிக் காட்டச் சொல்லும் முறைகளும் உண்டு. லிவிங் பில்டிங் சேலஞ்ச் 12 மாத உண்மையான கணக்கைப் பார்த்துத்தான் சான்று தரும். ஆஸ்திரேலியாவின் நேபர்ஸ் முறையும் மால்களுக்கு ஓராண்டு பில்லை வைத்தே நட்சத்திரம் போடுகிறது. என்னைக் கேட்டால், வாசலில் பலகை மாட்டுவதாக இருந்தால் இந்த வகைப் பலகையை மாட்டுங்கள்.

இதெல்லாம் செய்தால் கட்டுமானச் செலவு எகிறிவிடுமே?

கடைசியில் சேர்த்தால் எகிறும். முதலில் செய்தால் பல விஷயம் செலவைக் குறைக்கும். மேற்குக் கண்ணாடி போனால் ஏசி சுருங்கும், ஏசி சுருங்கினால் குளிர்காற்று ஓடும் டக்ட், மின்மாற்றி, ஜெனரேட்டர், கூலிங் டவர் எல்லாம் வரிசையாகச் சுருங்கும். பேஸ்மென்ட் ஒன்று குறைந்தால் அதில் மிச்சமாவதை வைத்து மீதி எல்லாவற்றையும் செய்துவிடலாம். கூடுதலாகக் கேட்பவை நல்ல சில்லர், இரட்டைக் குழாய், மீட்டர்கள். கட்டுபவரே நடத்தப் போகிறார் என்றால் தலையாட்டுவார். விற்றுவிட்டுப் போகப் போகிறார் என்றால் அவரை ஒப்புக்கொள்ள வைப்பது கஷ்டம்தான்.

திறந்து இரண்டு வருடம் ஆகிறது. கணிப்பைவிட பில் அதிகமாகவே வருகிறது. எங்கே தப்பு?

பெரும்பாலும் இயந்திரத்தில் இல்லை. நான் பார்த்த ஒரு மாலில் இரண்டாம் மாடியின் ஒரு பகுதி மட்டும் எப்போதும் குளிர்பதனப் பெட்டி மாதிரி இருக்கும். கடைப் பெண்கள் வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றார்கள். சில்லரை மாற்றலாமா என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால், வெப்பநிலை சென்சார் மாட்டிய தூணில் அதற்கு நேர் கீழே ஒரு கடைக்காரர் ஒளிரும் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார். பலகையின் சூட்டில் சென்சார் மூன்று டிகிரி கூட்டிக் காட்டுகிறது, ஏசி பாவம் ஓடு ஓடென்று ஓடுகிறது. சென்சாரை அடுத்த தூணுக்கு மாற்ற ஒரு மணி நேரம் ஆனது.

இப்படித்தான் இருக்கும் பெரும்பாலும். திறந்தபடியே சிக்கிக்கொண்ட வால்வு, யாரோ ஒருநாள் கையால் இயக்கிவிட்டு ஆட்டோவில் திரும்பப் போடாத விசிறி, திறப்பு விழாவுக்காக மாற்றிய நேர அட்டவணை. கட்டி முடித்ததும் ஒருமுறை சோதித்தால் போதாது. வெயிலில் ஒருமுறை, மழையில் ஒருமுறை, கூட்டம் நிறைந்த நாளில் ஒருமுறை பார்க்க வேண்டும். அதற்கான பணத்தை ஒப்பந்தத்திலேயே ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்றால், மால் மூடிய பிறகு இரவு இரண்டு மணிக்கு மீட்டரைப் படியுங்கள். ஒரு ஆள் இல்லாத கட்டடம் அந்த நேரத்தில் பகல் செலவில் பாதியை இழுத்துக்கொண்டிருந்தால், டார்ச் எடுத்துக்கொண்டு மாடி மாடியாக நடந்து, சத்தம் வருகிற ஒவ்வொரு கதவையும் திறந்து பாருங்கள்.